கிளட்ச் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைப் பரிசோதிப்பது எப்படி?

கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்ததும் அதை மேலே கொண்டுவருவது ரிட்டர்ன் ஸ்பிரிங்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது கிளட்சுக்குள் இருக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங் என்ற தட்டு வடிவ ஸ்பிரிங். அது தன் நிலைக்குத் திரும்பும்போது, பெடலை மிதிக்கையில் தன்னை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கையும் கேபிளையும் பெடலையும் சேர்த்தே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. எஞ்சியிருக்கும் சில மில்லிமீட்டர் தூரத்தைத்தான் ரிட்டர்ன் ஸ்பிரிங் இழுக்கிறது. ஆனால் அந்தச் சிறு இழுப்பு இல்லாவிட்டால், பேரிங் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல் போன்ற முனைகளை விட்டு விலகாமல், இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் உரசிச் சுழன்று விரைவில் தேய்ந்துபோகும். மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவுக்கு தினமும் நெரிசலில் ஊர்ந்து வருபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

பழைய பெரோடுவா கஞ்சில் போன்ற கேபிள் கிளட்ச் கார்களில் இதைப் பார்ப்பது எளிது. சமதரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறும்வரை காத்திருங்கள்.

முதலில் பெடலைக் காலால் அல்லாமல் கையால் அழுத்துங்கள். தொடக்கத்தில் லேசாக இறங்கி, பிறகு சட்டென்று கனக்கும். அந்த லேசான தூரமே ஃப்ரீ பிளே; அதன் சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும்.

அடுத்து பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸில் கேபிள் முடியும் இடத்திலுள்ள லிவரைப் பாருங்கள். வேறொருவர் பெடலை மெதுவாக மிதித்து விடும்போது, உங்கள் கைவிரல்களைத் தள்ளி வைத்துக்கொண்டு, லிவர் தடையின்றி முழுவதும் திரும்புகிறதா என்று கவனியுங்கள். அங்கே ஸ்பிரிங் இருந்தால் அதன் கொக்கியை நன்றாக ஆராயுங்கள்: தீவின் கடற்காற்றில் துரு முதலில் பிடிப்பதும், உராய்ந்து மெலிந்து அறுவதும் பெரும்பாலும் அந்த வளைவில்தான். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து குறட்டால் கழற்றிய பின், சுருள்களுக்கிடையே இடைவெளி தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது.

அதே அளவு ஸ்பிரிங்கையே மாற்றுங்கள்; அதிக விறைப்பானது பெடலைக் கனமாக்குமே தவிர நன்மை தராது. சில கார்களில் பேரிங் எப்போதும் லேசாகத் தொட்டுச் சுழலும்படியே வடிவமைக்கப்பட்டிருப்பதால், ஸ்பிரிங் இல்லாத இடத்தில் புதிதாக ஒன்றை மாட்ட வேண்டாம்.

மாற்றிய பிறகு ஃப்ரீ பிளேயை மீண்டும் அளந்து, கேபிள் முனையிலுள்ள நட்டால் சரிசெய்யுங்கள். அது மிகக் குறைந்தால் கிளட்ச் வழுக்கும்; மிகக் கூடினால் கியர் மாற்றும்போது கரகரக்கும். கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை ஓடவிடும்போது இரைச்சல் கேட்டு, பாதத்தால் பெடலைச் சற்றே மேலே தூக்கியதும் அது அடங்கினால், பெடலின் மேற்புறத்தில் இருக்கும் ஸ்பிரிங்கையும் பார்த்துவிடுங்கள்.