மூக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் சீபேப் மெஷினை எப்போது, எப்படித் திரும்பப் போடுவது

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு, மாஸ்க் வழியே அழுத்தக் காற்றைக் கொடுத்து மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பது சீபேப் மெஷின். மூக்கின் நடுச்சுவரை நேராக்கினாலும் சைனஸைத் துப்புரவாக்கினாலும், முதல் சில நாட்களுக்கு மூக்கு முன்பைவிட மோசமாக அடைபடும். உள்ளே வீக்கம், இரத்தக்கட்டி, சிலருக்குப் பஞ்சு அல்லது பிளாஸ்டிக் தகடு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது கூடுவதும் அந்த நாட்களில்தான், மெஷினை நிறுத்தி வைக்கச் சொல்வதும் அந்த நாட்களில்தான். அதனால் ஏற்பாடெல்லாம் சத்திரசிகிச்சைக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

கிளினிக்கில் டொக்டரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சீபேப் பாவிப்பதையும் உங்கள் அழுத்த அளவையும் தனித்தனியே சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னது மற்றவரைப் போய்ச் சேரும் என்று நம்பி இருக்க வேண்டாம். மெஷின், மாஸ்க், குழாய் எல்லாவற்றையும் வார்டுக்குக் கொண்டுபோங்கள். சுவரில் உருண்டைத் துளை பிளக்கா சதுரத் துளை பிளக்கா என்று போன பிறகுதான் தெரியும். ஒரு அடப்டரும் பையில் கிடக்கட்டும்.

எப்போது திரும்பத் தொடங்கலாம் என்பது செய்த வேலையைப் பொறுத்தது. நடுச்சுவருக்கோ மூக்குச் சதைக்கோ மட்டும் என்றால், பஞ்சை எடுத்த சில நாட்களில் பலர் அனுமதிக்கிறார்கள். சைனஸ் என்றால் பெரும்பாலும் 1 முதல் 2 வாரம். மண்டையோட்டின் அடிப்பகுதியைத் தொட்ட வேலை என்றால் பல வாரங்கள். காரணம், அழுத்தக் காற்று ஆறாத புண்ணைத் திறந்து இரத்தம் வரச் செய்யலாம். மெல்லிய எலும்பில் ஓட்டை இருந்தால் காற்று கண்ணைச் சுற்றியுள்ள தோலுக்கடியிலோ, அரிதாக மூளைப் பக்கமோ புகுந்துவிடலாம். டொக்டர் தேதி சொல்லும்வரை, “ஒரு இரவுதானே” என்று போட்டுவிடாதீர்கள். அதேபோல, சொல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதும் சரியில்லை.

மெஷின் இல்லாத இரவுகளில் தட்டையாக மல்லாந்து படுக்கவே கூடாது. உடம்பின் மேற்பாதி ஏறக்குறைய 30 பாகை உயர்ந்திருக்க வேண்டும். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடிந்து நாடி நெஞ்சில் முட்டும்; மூச்சுக்குழாய் இன்னும் ஒடுங்கும். வீட்டில் சாய்மனைக் கதிரை இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கதிரையொன்றைக் கட்டிலில் கவிழ்த்து, அதன் முதுகு சரிவாக வரும்படி வைத்து, மேலே மெத்தையைப் போடலாம். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். நோவுக்கு ட்ரமடோல், கோடீன் தந்தால், “எனக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும்” என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். அவை மூச்சை மேலும் அடக்கும். பெரும்பாலும் பரசிற்றமோல் போதும். பகலில் கண் சொக்கும் இந்த நாட்களில் ஹபரணைப் பாதை போன்ற நீண்ட பாதைகளில் தனியே வாகனம் ஓட்ட வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: திருகோணமலைப் பக்கத்தில் உடம்பு தேறட்டும் என்று கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். முதல் 2 வாரத்துக்குச் சுடுதண்ணீர்க் குளிப்பு இரத்தக் குழாய்களை விரித்து மூக்கில் இரத்தம் வரவைக்கும். நிலாவெளிக் கடலும் அதுவரை காத்திருக்கட்டும். மூக்கைச் சீறவும் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

அனுமதி கிடைத்த பிறகு மூக்குத் துளைக்குள் செருகும் வகை மாஸ்கைக் கடைசிவரை தள்ளிவையுங்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் நல்லது. மூக்கெலும்பை உடைத்துச் சரிசெய்திருந்தால், மூக்குத் தண்டில் அழுத்தாமல் கீழிருந்து தாங்கும் வகையைக் கேளுங்கள். வீக்கத்தில் முகத்தின் அளவு மாறியிருக்கும். கசிகிறது என்று பட்டியை இறுக்கினால் புண் படும். படுத்த நிலையில், மெஷின் ஓடும்போதே பட்டியைச் சரிசெய்யுங்கள். முதலில் பகலில் அரை மணிநேரம் விழித்திருந்து போட்டுப் பாருங்கள். அழுத்தம் மெதுவாக ஏறும் ராம்ப் வசதியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஈரப்பதம் இல்லாத காற்று புண்ணில் பொருக்கைக் கட்டிவிடும், ஆகவே தொட்டித் தண்ணீரால் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரை நிறுத்தாதீர்கள். மே முதல் ஓகஸ்ட் வரை வரண்ட கச்சான் காற்று அடிக்கும்போது அதைக் கூட்ட வேண்டியிருக்கும். மாரியில், அதுவும் ஏசி அறையில், குழாய்க்குள் தண்ணீர் கட்டிக் களகளவென்று சத்தம் வரும். அப்போது ஒரு படி குறைத்து, மெஷினைக் கட்டிலைவிடப் பதிவாக வையுங்கள். தொட்டிக்கு வடித்த நீர்தான். கிணற்றுத் தண்ணீர் வெள்ளைப் படிவை விடும். பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் மனிதர் சுவாசிப்பதற்குத் தயாரித்ததல்ல. வடித்த நீர் கிடைக்காத இரவில் கொதித்தாறியது பரவாயில்லை. காலையில் மிச்சத்தை ஊற்றிவிட்டுத் தொட்டியையும் மாஸ்கையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். அடைப்பு எடுபடும் என்று தொட்டிக்குள் யூகலிப்டஸ் எண்ணெய், விக்ஸ் எதையும் போடக் கூடாது.

படுக்குமுன் மூக்கைக் கழுவச் சொல்லியிருந்தால், கொதித்தாறிய தண்ணீர் 240 மில்லிலீற்றருக்கு அயடீன் சேராத உப்பு அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. கடையில் வாங்கும் சாதாரண உப்பில் அயடீன் இருக்கும், எரியும். பார்மசியில் சேலைன் பைக்கற் வாங்குவது சுலபம். கழுவி அரை மணிநேரம் கழித்தே மாஸ்க். உடனே போட்டால் மிச்சத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கி இருமவைக்கும்.

இரத்தம் கசிந்தால் மாஸ்கைக் கழற்றி, நிமிர்ந்து இருந்து தலையை முன்னுக்குச் சாய்த்து, மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். டொக்டர் மூக்கைத் தொட வேண்டாம் என்றிருந்தால் பிடிக்காமல் குனிந்தபடியே இருங்கள். நிற்காவிட்டால் வைத்தியசாலைதான். குனியும்போது ஒரு துளையால் தெளிந்த நீர் சொட்டுவது, கண்ணைச் சுற்றித் தொட்டால் நறநறக்கும் வீக்கம், பார்வை மங்கல், தாங்க முடியாத தலையிடி, இவற்றில் எதுவென்றாலும் மெஷினை நிறுத்திவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆறி முடிந்ததும் பழைய அழுத்தம் கூடிப்போனதாகத் தோன்றலாம். மூக்குப் பாதை திறந்துவிட்டதால் சிலருக்குக் குறைந்த அழுத்தமே போதும். அதை நீங்களாக மாற்றாமல், மெஷினின் பதிவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அதில் மணிக்கு எத்தனை தடவை மூச்சுத் தடைப்பட்டது என்ற எண் 5-க்குக் கீழே இருக்க வேண்டும். ரெஸ்மெட் கம்பனி மெஷினென்றால் கசிவு நிமிடத்துக்கு 24 லீற்றரைத் தாண்டக் கூடாது. குறட்டை நின்றுவிட்டது என்று மெஷினை அலுமாரியில் பூட்டிவைப்பவர்களும் உண்டு. மூக்கைத் திறந்தாலும் தொண்டை தூக்கத்தில் முன்போலவே மடியலாம். மெஷின் இனி வேண்டுமா என்பதைத் திரும்பச் செய்யும் தூக்கப் பரிசோதனைதான் சொல்லும்.