அளவெடுக்கும் முன் அனுமதி

பலதுறைத் தொழிற்கல்லூரியில் விலங்கு மருத்துவத் தாதிமை படிக்கும் தம்பி தங்கைகளே, இறுதியாண்டு ஆய்வுக்காகப் பூனைகளின் வலியை மதிப்பிடப் போகிறீர்களா? ஆய்வில் விலங்குகள் முறையாக நடத்தப்படுகின்றனவா என்று பார்க்கும் விலங்குப் பராமரிப்பு, பயன்பாட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டுமா என்று ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் 2004 முதல் இதற்கென விதிகள் இருக்கின்றன.

சிகிச்சைக்கு உரிமையாளர் இட்ட கையெழுத்தை ஆய்வுக்கும் சேர்த்ததாக எண்ணாதீர்கள். தனியாகக் கேளுங்கள், அவருக்குப் புரியும் மொழியில். பாட்டி வளர்க்கும் பூனை என்றால் தமிழிலேயே பொறுமையாக விளக்குங்கள். சோதனைக்கு இரத்தம் தேவையா? புதிதாக ஊசி குத்தாமல், சிகிச்சைக்காக எடுத்ததில் மீந்தது போதுமா என்று பாருங்கள்.

வலி மருந்துகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால், வலிக்கு மதிப்பெண் போடுபவருக்கு எந்தப் பூனைக்கு எந்த மருந்து என்பது தெரியவே கூடாது. நாம் நம்பும் மருந்தின் பக்கம் கண் தானாகச் சாய்ந்துவிடும். மருந்துப் பட்டியலைக் கணக்கெடுப்பு முடியும்வரை தோழி ஒருத்தியிடம் கொடுத்துவையுங்கள்.