முடிச்சுக் கயிறும் ஒரு விசிலும்

ஜூன் 14 ராத்திரியோட மீன்பிடித் தடைக்காலம் முடியுது. ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில கிடந்துச்சு. அந்த 61 நாளும் சாயங்காலம் நாலரை மணிக்கு நம்ம பாம்பன் மணல் திடல்ல ஃபுட்பால் ஆட்டத்துக்கு விசில் என் கையிலதான் இருந்துச்சு. இனிமே வாரத்துல மூணு நாள் நான் கடலுக்குப் போயிருவேன். "அப்ப யாரு மாமா விசில் ஊதுறது?"ன்னு அக்கா மக கேட்டா. நீதான்னேன். "எனக்கு ஆஃப்சைடே தெரியாது"ன்னா. அது ஒண்ணும் குத்தமில்ல. இந்தத் திடல்ல பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனா "ஆஃப்சைடு, ஆஃப்சைடு"ன்னு கத்துறதுல மட்டும் கொறவு வைக்க மாட்டாங்க. அவளுக்குன்னு எழுத ஆரம்பிச்சேன். புதுசா ஆட வர்றவங்க யாரு வேணும்னாலும் படிச்சுக்கலாம்.

ஃபுட்பால் சட்டப் புத்தகத்துல மொத்தம் 17 விதி. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேணாம். முதல்ல கோடு போடத் தெரியணும். கோடு சரியா இருந்தா பாதிச் சண்டை வராது.

அளவெல்லாம் மீட்டர்ல எழுதியிருப்பாங்க. கோல் அகலம் 7.32 மீட்டர், கோல்ல இருந்து பெனால்டி அடிக்கிற புள்ளி 11 மீட்டர், ஃப்ரீ கிக் அடிக்கும்போது எதிராளி தள்ளி நிக்க வேண்டிய தூரம் 9.15 மீட்டர். இந்தப் புள்ளிக் கணக்கைப் பாத்து நானே ரொம்ப நாள் பயந்து கெடந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, இங்கிலாந்துக்காரன் கெஜத்துலயும் அடியிலயும் வச்ச அளவை மீட்டராக்குனதால வந்த வினை இது. கோல் அகலம் சரியா 24 அடி. நமக்கு 24 அடின்னா? நாலு பாகம். வலைக்கும் ஆழத்துக்கும் நாம அளக்குற அதே ஆறடிப் பாகம்தான். மத்ததையும் போட்டுப் பாத்தா ஒவ்வொண்ணும் வந்து உக்காந்துச்சு. தள்ளி நிக்கிற தூரமும், நடு வட்டத்துக்கு மையத்துல இருந்து ஓரம் வரைக்கும் உள்ளதும் 5 பாகம். பெனால்டி 6 பாகம். கோல் கம்பத்துல இருந்து சின்ன கட்டம் 3 பாகம், பெரிய பெனால்டி கட்டம் 9 பாகம். கோல் உயரம் மட்டும் பாகத்துல அடங்காது, அது எட்டடி.

அதனாலதான் ஒரு பருத்திக் கயித்துல பாகத்துக்கு ஒரு முடிச்சுன்னு ஒன்பது முடிச்சு போட்டு வச்சிருக்கேன். அளக்கும்போது கயித்தை வச்சே அளங்க, கையை விரிச்சு அளக்காதீங்க. எட்டாங்கிளாஸ் பையனோட பாகமும் என் பாகமும் ஒண்ணா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வடக்குக் கோலை ஒரு சின்னப்பையன் கைவிரிச்சு அளந்தான், தெக்குக் கோலை நான் அளந்தேன். ஹாஃப் டைம்ல கோல் மாத்துனப்பதான் தெக்குக் கீப்பர் கண்டுபிடிச்சான், ரெண்டுக்கும் ரெண்டு முழம் வித்தியாசம். அன்னைக்கு ஆட்டத்தை முதல்ல இருந்து ஆடச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

இந்த அளவெல்லாம் பெரிய மைதானத்துக்கு. பெரியவங்க மேட்ச்னா திடல் நீளமே குறைஞ்சது 90 மீட்டர் வேணும், நமக்கு அதுக்கு இடம் இல்ல. ஒரு பக்கம் கருவேல முள்ளு, இன்னொரு பக்கம் மீன் காயப்போடுற இடம். அங்க பதினோரு பேர் ஆடுற ஆட்டத்துல நாம ஏழு பேர் ஆடுறோம். கோல் 3 பாகம், கட்டம் 6 பாகம், பெனால்டி 4 பாகம். இது நாமளா பேசி வச்ச அளவு, சட்டத்துல கிடையாது. வெளியூர் டீம் வந்தா ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லிருங்க.

இனிக் கோடு. நம்மூர்க் காத்துக்கு சுண்ணாம்பு நிக்காது. கச்சான் காத்து அடிச்சா பத்து நிமிஷத்துல கோடு மொத்தமும் கருவேலங்காட்டுக்குள்ள போயிரும். அதான் பழைய நைலான் கயித்தை ஆணி அடிச்சுப் பாதி புதைச்சு வச்சிருக்கோம். அந்தக் கயிறு மைதானத்துல சேர்த்தி, அதுக்கு வெளியேதான் வெளி. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. ஒரு தடவை குப்புறப் படுத்து, கன்னத்தைக் கயித்தோட ஒட்டி வச்சுப் பாருங்க. பந்தைக் கயித்துக்கு வெளிப்பக்கம், கயித்தை ஒட்டி வைங்க. பந்து மணலைத் தொடுற இடம் வெளியதான் இருக்கு. ஆனா பந்துக்கு வயிறு இருக்குல்ல? அந்த வயிறு கயித்துக்கு மேல தொங்கிக்கிட்டிருக்கும். அப்படின்னா பந்து இன்னும் உள்ளதான். முழுப் பந்தும் முழுக் கயித்தையும் தாண்டணும், தரையில போனாலும் வானத்துல பறந்தாலும். கோலுக்கும் இதே கணக்கு. 2010 உலகக் கோப்பையில இங்கிலாந்தோட லாம்பார்டு ஜெர்மனிக்கு எதிரா அடிச்ச பந்து மேல் கம்பத்துல பட்டுக் கோட்டுக்கு நல்லா உள்ள விழுந்து வெளிய வந்துச்சு. உலகமே பாத்துச்சு, ரெஃப்ரியும் லைன்ஸ்மேனும் பாக்கல, கோல் இல்லன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் கோல் கோட்டுக்கு மிஷின் வந்துச்சு. நமக்கு மிஷின் கிடையாது. அதனால பந்து கோல்கிட்ட போனா நீங்களும் கோட்டுக்கு நேரா ஓடுங்க. நடு மைதானத்துல நின்னுக்கிட்டு கோல் சொல்லாதீங்க.

பந்து பக்கத்துக் கோட்டைத் தாண்டுனா த்ரோ, கடைசியாத் தொட்டவனுக்கு எதிர் டீமுக்கு. ரெண்டு கையாலயும், தலைக்குப் பின்னால இருந்து, தலைக்கு மேலாக எறியணும். ரெண்டு காலும் தரையில இருக்கணும், கயித்து மேலயோ கயித்துக்கு வெளியேயோ. மணல்ல குதிகால் தூக்குனா பரவாயில்ல, முன்பாதம் பதிஞ்சிருந்தா போதும். த்ரோவை நேரா எதிர்க் கோலுக்குள்ள எறிஞ்சா கோல் கிடையாது, அது கோல் கிக் (காக்குற டீம் தன் சின்ன கட்டத்துல இருந்து அடிக்கிறது). சொந்தக் கோலுக்குள்ள எறிஞ்சா எதிரிக்குக் கார்னர் (மைதான மூலையில இருந்து அடிக்கிறது).

கோல் கோட்டை (கம்பத்துக்கு வெளியே) தாண்டுனா, கடைசியாத் தொட்டது அடிக்கிற டீம்னா கோல் கிக், காக்குற டீம்னா கார்னர். கார்னரை நேரா கோல் அடிக்கலாம், செல்லும். போன மாசம் ஒரு கூத்து நடந்துச்சு. நம்ம கீப்பர் கோல் கிக்கை ஒசரமாத் தூக்கி அடிச்சான். காத்து அந்தப் பந்தைப் பிடிச்சு, திருப்பிக் கொண்டாந்து, அவன் கோலுக்குள்ளயே போட்டுச்சு. யாரும் தொடல. எதிர் டீம் கட்டிப்பிடிச்சுக் குதிக்குது. நான் கார்னர் குடுத்தேன். கோல் கிக்ல இருந்து எதிரிக் கோல்தான் அடிக்க முடியும், சொந்தக் கோலுக்குள்ள நேராப் போனா எதிரிக்குக் கார்னர்தான். அன்னைக்கு என்னைத் திட்டாத ஆள் இல்ல. புத்தகம் என் பக்கம்.

இப்ப ஆஃப்சைடு, அதாவது எதிர்க் கோல்கிட்ட அளவுக்கு மீறி முன்னாடி போய் நின்னு பந்து வாங்குறது. மணல்ல உக்காருங்க. ஒரு கோடு கிழிச்சு அதுமேல ஒரு சிப்பி வைங்க, அது கீப்பர். ஒரு முழம் முன்னாடி இன்னொரு சிப்பி, அது கடைசி பேக், கீப்பருக்கு முன்னாடி நின்னு காக்குறவன். அடிக்கிற டீம் ஆளுக்கு ஒரு சங்கு, அதை ரெண்டு சிப்பிக்கும் நடுவுல வைங்க. தூரத்துல இன்னொரு சங்கு, பந்து அவன்கிட்ட. அவன் பந்தைத் தட்டுற அந்த நொடியில மட்டும் பாக்கணும், பந்து வந்து சேர்ற நொடியில இல்ல. முன்னாடி நிக்கிற சங்குக்கும் கோட்டுக்கும் நடுவுல எத்தனை சிப்பி? ஒண்ணு. ரெண்டு இருக்கணும். அதனால ஆஃப்சைடு. சங்கைக் கடைசி பேக்குக்குச் சமமா நகத்துங்க. இப்ப ஆஃப்சைடு இல்ல, சமம்னா செல்லும். 1990-க்கு முன்னாடி சமமும் ஆஃப்சைடுதான், 1925-க்கு முன்னாடி ரெண்டுக்குப் பதிலா மூணு பேர் வேணும். பெரியவங்க சில பேர் பழைய கணக்குல கத்துனா கோவிச்சுக்காதீங்க.

இப்ப கீப்பர் சிப்பியை எடுத்து பேக்குக்கும் முன்னாடி வைங்க. கீப்பர் ஏறி ஓடி வந்துட்டான். பேக்குக்குப் பின்னாடி யாரும் இல்ல. சங்கு பேக்குக்குச் சமமா நிக்கிறான். ஆஃப்சைடா? எல்லாரும் இல்லம்பாங்க. ஆஃப்சைடுதான். கணக்கு கீப்பரை வச்சு இல்ல, கோட்டுக்குக் கிட்ட இருக்குற ரெண்டாவது ஆளை வச்சு. அது யாரா வேணா இருக்கட்டும்.

இன்னும் நாலு விஷயம், வேகமா. தன் பாதி மைதானத்துல நிக்கிறவனுக்கு ஆஃப்சைடு கிடையாது. பந்துக்குப் பின்னாடி நிக்கிறவனுக்கும் கிடையாது. த்ரோ, கார்னர், கோல் கிக் மூணுலயும் நேரா வாங்குறவனுக்கு ஆஃப்சைடு இல்ல. சும்மா ஓரமா நின்னு ஆட்டத்துல சேராதவனுக்கு விசில் ஊதாதீங்க, நிக்கிறது குத்தம் இல்ல, அங்க நின்னுக்கிட்டு ஆட்டத்துல கைவைக்கிறதுதான் குத்தம். கை நீட்டியிருந்தா அதைக் கணக்குல எடுக்காதீங்க, தலை, உடம்பு, கால்தான்.

பீச் ஃபுட்பால்னு தனியா ஒரு ஆட்டம் இருக்கு, ஒரு பக்கம் அஞ்சு பேர், 12 நிமிஷமா மூணு பகுதி, வெறுங்கால். அதுல ஆஃப்சைடே கிடையாது. "நாமளும் மணல்லதான் ஆடுறோம், எடுத்துறலாம்"னு சில பேர் கேக்குறாங்க. எடுத்துப் பாத்தோம். எதிர்க் கோல் வாசல்லயே ஒருத்தன் டீ குடிக்கிற மாதிரி நின்னுக்கிட்டிருந்தான், பந்து அவனுக்கு மட்டும் பறந்துச்சு. ஆஃப்சைடு இருக்கட்டும்.

கையில பந்து பட்டா உடனே விசில் ஊதாதீங்க. கைன்னா அக்குள் அடியில இருந்து விரல் நுனி வரைக்கும், தோள் கை இல்ல. வேணும்னே தொட்டானா, இல்ல கையை அகல விரிச்சு உடம்பைப் பெருசாக்கி நின்னானா, அது ரெண்டும்தான் குத்தம். இது போக, தன் கையில தெரியாமப் பட்டுக் கோல் போட்டாலும் அந்தக் கோல் செல்லாது.

தள்ளுறது, சட்டையப் பிடிச்சு இழுக்குறது, உதைக்கிறது, தட்டி விடுறது எல்லாம் டைரக்ட் ஃப்ரீ கிக், நேரா கோல் அடிக்கலாம். தோளோட தோள் இடிக்கலாம், அது ஆட்டம். தன் கட்டத்துக்குள்ள இந்தத் தப்பைப் பண்ணுனா பெனால்டி. அடிக்கிறவன், கீப்பர் தவிர மத்தவங்க கட்டத்துக்கு வெளிய, பந்துக்குப் பின்னாடி. கீப்பர் ஒரு காலாவது கோட்டுல இருக்கணும். கம்பத்துல பட்டுத் திரும்புன பந்தை, வேற யாரும் தொடாம, அடிச்சவனே திரும்ப அடிக்கக் கூடாது. ஆஃப்சைடுக்கும் பேக் பாஸுக்கும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக், நேரா கோல் அடிக்க முடியாது. அதுக்கு ஒரு கையைத் தூக்கி வச்சுக்கங்க, இன்னொருத்தன் தொடுற வரைக்கும். யாரும் தொடாம நேரா கோலுக்குள்ள போனா அது கோல் கிக். பேக் பாஸ்னா, தன் டீம்காரன் வேணும்னே காலால தள்ளிக் குடுத்த பந்தை கீப்பர் கையால எடுக்கிறது. 1992-ல வந்த விதி. தலையால குடுத்தா எடுக்கலாம். பந்தைக் கையில வச்சுக்கிட்டு கீப்பர் எட்டு விநாடிக்கு மேல நின்னா இப்ப எதிரிக்குக் கார்னர், கடைசி அஞ்சு விநாடியைக் கையைத் தூக்கி விரல்ல எண்ணிக் காட்டணும்.

தப்புக்கு மஞ்சக் கார்டோ சிவப்புக் கார்டோ குடுத்தா உடனே எழுதுங்க. நான் என் முழங்கைக்குக் கீழ பேனாவால எழுதிக்குவேன், நம்பர் இல்லாத சட்டைன்னா "நீலக் கைலி"ன்னு எழுதுவேன். சிரிக்காதீங்க. 2006 உலகக் கோப்பையில கிரஹாம் போல்னு பெரிய ரெஃப்ரி, குரோஷியாக்காரன் ஒருத்தனுக்கு மூணு மஞ்சக் கார்டு குடுத்தாரு. ரெண்டாவதுலயே சிவப்பு காட்டி வெளிய அனுப்பியிருக்கணும். அவருக்கே தப்புச்சுன்னா நமக்கு?

பூட்ஸ் வேணும்னு சட்டம் சொல்லுது, முன்காலுக்குக் காப்பும் வேணும். நம்ம பசங்க வெறுங்கால். 1948 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம நாட்டு டீம்ல முக்காவாசிப் பேர் வெறுங்காலோட ஆடி பிரான்ஸுகிட்ட 2-1னு தோத்தாங்க, அவ்வளவு நெருக்கமா. ஆனா பூட்ஸ் போட்டவனும் போடாதவனும் ஒண்ணா ஆடக் கூடாது. விரல் போயிரும். ரெண்டு டீமும் ஒரே மாதிரி, இதுல மட்டும் யாரு கெஞ்சுனாலும் விட்டுக்குடுக்காதீங்க.

பெரிய மேட்ச் 45 நிமிஷமா ரெண்டு பாதி. நாம இருவது இருவது, அப்பதான் இருட்டுறதுக்குள்ள முடியும். பந்து கடல்ல போயிட்டா வாட்ச்சை நிறுத்துங்க. கப்பல் போக பாம்பன் புது ரயில் பாலம் நடுவுல தூக்குச்சுன்னா பசங்க பந்தை விட்டுட்டு அங்க பாப்பாங்க. அதுக்கெல்லாம் நிறுத்த வேணாம், விசில் கேக்குற வரைக்கும் ஆட்டம்தான். போன ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துலதான் நம்ம அக்கா மக கோல் போட்டா.

விசில் அக்கா வீட்டு ஜன்னல்ல தொங்குது. கயித்தை மட்டும் மழைலயோ உப்புத் தண்ணிலயோ போடாதீங்க. பருத்திக் கயிறு, நனைஞ்சா சுருங்கிரும். அப்புறம் பெனால்டி கிட்ட வந்துருச்சுன்னு கீப்பர் கத்துவான், அவன் சொல்றதும் சரியாத்தான் இருக்கும்.