போஸ்ட்கிரெஸ் எந்த கான்ஃபிக் கோப்பைப் படிக்கிறது? சர்வரிடமே கேளுங்கள்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பைத் திருத்தும் முன், சூப்பர்யூசராக (முழு அதிகாரம் உள்ள டேட்டாபேஸ் பயனராக) உள்நுழைந்து 'ஷோ கான்ஃபிக்_ஃபைல்' என்று கேளுங்கள். போஸ்ட்கிரெஸ் உண்மையில் படிக்கும் கோப்பின் முழுப் பாதை வந்துவிடும். ஒரே கணினியில் இரண்டு பதிப்புகள் இருந்தால் நாம் திருத்துவது ஒன்றாகவும் சர்வர் படிப்பது வேறொன்றாகவும் இருக்கலாம். சரியான கோப்பைத் திருத்தி, ரீஸ்டார்ட் செய்தும் மதிப்பு மாறவில்லையா? டேட்டா டைரக்டரியில் இருக்கும் 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப்' கோப்பைப் பாருங்கள். அமைப்புகளை மாற்றும் 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளை எழுதுவது அதில்தான். கடைசியாகப் படிக்கப்படுவதால் அதில் உள்ள மதிப்பே நிற்கும்.

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தவர்களுக்கு லைப்ரரி (புரோகிராம் ஓடத் தேவையான துணைக் கோப்பு) கிடைக்காத சிக்கலும் வரலாம். 'எல்டிடி' கட்டளையை பைனரியின் (கம்பைல் செய்த புரோகிராம் கோப்பின்) மேல் ஓட்டினால், கிடைக்காத லைப்ரரிக்கு நேரே 'நாட் ஃபவுண்ட்' என்று காட்டும். பலர் உடனே, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில், லைப்ரரியைத் தேடும் இடத்தைச் சொல்லும் 'எல்டி லைப்ரரி பாத்' மாறியை எழுதிவிடுகிறார்கள். டெர்மினலில் அது வேலை செய்யும்; சர்வரைப் பின்னணியில் ஓட்டும் சிஸ்டம்டி சர்வீஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை, அதனால் அங்கே அதே பிழைதான். லைப்ரரி டைரக்டரியின் பாதையை, ஈடிசி டைரக்டரியில் உள்ள 'எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி'க்குள் ஒரு தனிக் கோப்பாக எழுதி, ரூட்டாக 'எல்டிகான்ஃபிக்' ஓட்டுவதே நிலைக்கும் வழி.

சர்வரே எழவில்லை என்றால் 'ஷோ' உதவாது. அப்போது லாக் கோப்பைத்தான் பார்க்க வேண்டும். லைப்ரரிக் குறிப்பு லினக்ஸுக்கு மட்டும். விண்டோஸில் இந்தக் கட்டளைகள் இல்லை.