அடைக்கோழி பாதியில் எழுந்தால் ராத்திரி கூண்டைப் பாருங்கள்

போன சித்திரையில் எங்கள் செவலைக் கோழி பதினோராம் நாள் அடையை விட்டு எழுந்துவிட்டது. பன்னிரண்டு முட்டையும் வீண். வேலூர் வெயில்தான் தாங்கவில்லை என்று நினைத்தேன். ஒடுகத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை, "வெயில் இல்லம்மா, செள்ளு. இருட்டினதும் கூண்டைப் பாரு" என்றார்.

எட்டு மணிக்கு டார்ச் அடித்தேன். கோழி அடையும் கழி சுவரைத் தொடும் இடத்தில் மிளகுத்தூள் கொட்டினாற்போல் இருந்தது. வெள்ளைத் துணியால் துடைத்தால் ரத்தக் கோடு. பகலில் இடுக்கில் பதுங்கி, ராத்திரியில் ஏறி ரத்தம் குடிக்கிற செள்ளு இது. பகலில் கோழியை எவ்வளவு புரட்டினாலும் அகப்படாது. பேன் அப்படியல்ல, கோழி மேலேயே குடியிருக்கும். பின்பக்க இறகை விலக்கினால் ஓடும், இறகின் அடியில் ஈர் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருக்கும்.

செள்ளுக்கு வைத்தியம் முதலில் கூண்டுக்குத்தான். கோழி இல்லாத கூண்டிலும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து பிழைக்கும். பழைய வைக்கோலைக் கொளுத்துங்கள். இடுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்து, கழி முனைகளில் வேப்பெண்ணெய் தடவுங்கள். கோழி புரள ஒரு குழியில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து போடுங்கள். எட்டாம் நாள் எல்லாவற்றையும் மறுபடி செய்யவேண்டும். நான் அதை விட்டேன்; தப்பிய முட்டைகள் பொரிந்து, இரண்டே வாரத்தில் கழி பழையபடி ஆனது.

காலில் செதில் தூக்கிச் சுண்ணாம்பு அப்பினாற்போல் இருந்தால் அது வேறு பூச்சி. தேங்காய் எண்ணெயை ஊறவிட்டுத் தினமும் தடவுங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

நன்றாகத் தின்றும் கொண்டை வெளுத்து நெஞ்செலும்பு துருத்தினால் குடற்புழுவாக இருக்கலாம். எச்சத்தில் அரிசி மாதிரித் துண்டு தெரிந்தால் நாடாப்புழு, விரல் நீளத்துக்கு வெள்ளை நூலாக வந்தால் உருண்டைப்புழு. பைபரசின் என்கிற புழு மருந்து உருண்டைப்புழுவுக்கு மட்டுமே கேட்கும். அதனால் காலை எச்சத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகம் போங்கள். எடைக்கு எவ்வளவு மருந்து, எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் புழு மருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல் என்கிற வேறு நோய், அன்றைக்கே மருந்தகத்துக்கு ஓடுங்கள்.

பொய்கை சந்தையோ பக்கத்து வீடோ, எங்கே வாங்கிய கோழியானாலும் இரண்டு வாரம் தனிக்கூடையில் கவிழ்த்து வையுங்கள். அந்தக் கூடையையும் ராத்திரியில் துணி வைத்துத் துடைத்துப் பாருங்கள்.