ஐ.எல்.ஆர் சாவி கைக்கு வந்துவிட்டதா? புது மருந்தாளுநருக்கான தடுப்பூசிப் பாடம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்தால், பல இடங்களில் ஸ்டோர் சாவியோடு ஐ.எல்.ஆர் பெட்டியின் (தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி) சாவியும் நம் கைக்கு வந்துவிடும். ஊசி போடுவது செவிலியர்தான். ஆனால் அவரிடம் நாம் கொடுக்கும் குப்பியில் மருந்தின் வீரியம் குறையாமல் இருக்க வேண்டுமே, அது நம் பொறுப்பு. ஒன்றை முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: தடுப்பூசி சூட்டில் மட்டும் கெடுவதில்லை, உறைந்தாலும் கெடும்.

முதல் வேலை: வெப்பநிலை

ஐ.எல்.ஆரில் எப்போதும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதற்கும் விலக்கு இல்லை. பக்கத்தில் இருக்கும் டீப் ஃப்ரீசர் (மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை) நம் நிலையத்தில் ஐஸ் பேக் உறைய வைக்க மட்டுமே. தடுப்பூசி அதற்குள் போகவே கூடாது.

நான் சேர்ந்த முதல் கோடையில், "வெயில் அதிகம், குளிரைக் கொஞ்சம் கூட்டி வைப்போம்" என்று தெர்மோஸ்டாட்டைத் திருகிவிட்டேன். மறுநாள் காலை முள் பூஜ்யத்துக்குக் கீழே நின்றது. அன்றைக்கு ஒதுக்கி வைத்த பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) குப்பிகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. சரியாக ஓடும் பெட்டியின் தெர்மோஸ்டாட்டில் கை வைக்காதீர்கள்.

எது எங்கே?

பெட்டியின் அடிப்பகுதியில்தான் குளிர் அதிகம். போலியோ சொட்டு மருந்து, எம்.ஆர் (தட்டம்மை, ரூபெல்லா), பி.சி.ஜி (காசநோய்) மூன்றும் உறைந்தால் கெடாது, ஆகவே அடியில் வைக்கலாம். பெண்டாவேலன்ட், டி.பி.டி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்), டி.டி (Td: டெட்டனஸ், தொண்டை அடைப்பான்), ஹெபடைடிஸ் பி, ஐ.பி.வி (போலியோ ஊசி), பி.சி.வி (நிமோகாக்கல் நிமோனியா தடுப்பூசி) இவையெல்லாம் மேல் கூடையில்தான் இருக்க வேண்டும். கரைப்பான் (தூள் மருந்தைக் கலக்கும் திரவம்) குப்பிகளும் அங்கேயே. காலாவதி தேதி முன்னால் வருவதை முன்னால் வையுங்கள். இன்சுலின், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எதற்கும் அங்கே இடமில்லை.

குப்பியைப் படிக்கும் விதம்

லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். அதுதான் வி.வி.எம் (குப்பியில் சூடு பட்டதைக் காட்டும் அடையாளம்). சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டாலோ, சதுரம் இன்னும் கறுத்துவிட்டாலோ ஒதுக்கிவிட வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வி.வி.எம் காட்டுவது சூட்டை மட்டுமே. உறைந்து கெட்ட குப்பியிலும் சதுரம் வெள்ளையாகவே இருக்கும். பனிக்கட்டியாக இருப்பது கண்ணுக்கே தெரிந்தால் யோசிக்காமல் ஒதுக்குங்கள். சந்தேகம் மட்டும் என்றால், பெண்டாவேலன்ட், டி.பி.டி, டி.டி, ஹெபடைடிஸ் பி போன்றவற்றுக்குக் குலுக்கல் சோதனை இருக்கிறது. அதே நிறுவனத்தின் அதே பேட்ச் குப்பி ஒன்றை எடுத்து, "சோதனைக்கு மட்டும்" என்று எழுதி, இரவு முழுக்க உறைய வைத்து, தானாக உருகவிடுங்கள். அப்புறம் அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்து 10, 15 விநாடி குலுக்கி மேசையில் வையுங்கள். உறைந்த குப்பியில் வெண்துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து சீக்கிரம் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் அது உறைந்து கெட்டது. மெதுவாகப் படிந்தால் பயன்படுத்தலாம். ஐ.பி.வி தெளிந்த திரவம் என்பதால் அதற்கு இந்தச் சோதனை உதவாது.

அட்டவணை

இண்டென்ட் (தேவையான மருந்துக்கான கோரிக்கை) போட இது மனப்பாடமாக வேண்டும்.

பிறந்தவுடன்: பி.சி.ஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி (24 மணி நேரத்துக்குள்).
6, 10, 14 வாரம்: பெண்டாவேலன்ட், போலியோ சொட்டு, ரோட்டா (வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து). இவற்றோடு 6, 14 வாரங்களில் மட்டும் ஐ.பி.வி, பி.சி.வி.
9 மாதம் முடிந்ததும்: எம்.ஆர், பி.சி.வி பூஸ்டர், மூன்றாவது ஐ.பி.வி (இது 2023இல் சேர்ந்தது).
16 முதல் 24 மாதம்: எம்.ஆர் இரண்டாவது, டி.பி.டி பூஸ்டர், போலியோ பூஸ்டர்.
5 முதல் 6 வயது: டி.பி.டி இரண்டாவது பூஸ்டர்.
10, 16 வயது: டி.டி.

தவணை தவறிய குழந்தையோடு தயங்கி நிற்கும் தாயிடம் "முதலிலிருந்து போட வேண்டும்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

புதன்கிழமை (தடுப்பூசி நாள்) காலை

ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே கேரியரில் (தடுப்பூசி எடுத்துச் செல்லும் பெட்டி) அடுக்காதீர்கள். மேசையில் பரப்பி வையுங்கள். மேலே வியர்த்து, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு நான்கு பேக்கையும் வைத்து, குப்பிகளை ஜிப் கவரில் போட்டு நடுவில் வையுங்கள். அவசரத்தில் இந்தச் சில நிமிடங்களை விட்டுவிட்டால், நாம் மாதக்கணக்கில் பாதுகாத்த மருந்து கேரியருக்குள்ளேயே உறைந்துவிடும். கரைப்பான் அந்தந்த மருந்துக்கு அதே நிறுவனம் தந்ததாக இருக்க வேண்டும். முந்தைய நாளே அது ஐ.எல்.ஆரில் குளிர்ந்திருக்க வேண்டும்.

மாலை திரும்பி வரும் குப்பிகள்

பெண்டாவேலன்ட், டி.பி.டி, டி.டி, ஹெபடைடிஸ் பி, ஐ.பி.வி, பி.சி.வி, போலியோ சொட்டு மருந்து ஆகியவற்றைத் திறந்த பிறகும் 28 நாள் வரை பயன்படுத்தலாம். ஆனால் திறந்த தேதியும் நேரமும் குப்பியில் எழுதியிருக்க வேண்டும், வி.வி.எம் நன்றாக இருக்க வேண்டும், ரப்பர் மூடி தண்ணீரில் மூழ்கியிருக்கக் கூடாது. எழுதாமல் வந்தால் அதை மறுபடி ஐ.எல்.ஆருக்குள் வைக்காதீர்கள்.

எம்.ஆர், பி.சி.ஜி இரண்டும் வேறு கணக்கு. கலக்கி 4 மணி நேரம்தான். அவற்றில் பதனப்பொருள் இல்லை, கிருமி நுழைந்தால் உள்ளேயே பெருகும், குழந்தையின் உயிருக்கே ஆபத்து. 9.30க்குக் கலக்கிய குப்பியில் எட்டு டோஸ் மீதி இருந்தாலும் 1.30க்குப் பிறகு ஒரு குழந்தைக்கும் அதைப் போடக் கூடாது. அடுத்து வரும் குழந்தைக்குப் புதுக் குப்பியைத் திறக்கச் சொல்லுங்கள்.