கரகம், பறை, நையாண்டி மேளம், கூத்து செட்டு வச்சிருக்கவங்க அரசு உதவி வாங்குறது எப்படி

எங்க மாமா 40 வருஷம் தவில் வாசிச்சவரு. பங்குனி சித்திரை வந்துட்டா வீட்டுல பாக்கவே முடியாது, ராத்திரி முழுக்க வாசிச்சிட்டு விடிகாலை முதல் பஸ்ல வந்து இறங்குவாரு. அவருக்கு உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம்னு உக்காந்தப்பதான் தெரிஞ்சுது, அவரு வாசிச்சாருங்கிறதுக்கு வீட்டுல ஒரு துண்டு பேப்பர் கூட இல்ல. அச்சாரம் வெத்தலை பாக்குல வச்சு வாங்குனது, பேச்சு எல்லாம் வாய்ப்பேச்சு, சம்பளம் கையில. எங்கெங்கயோ போயி பழைய நோட்டீஸ் தேடி அலைஞ்சோம். அந்த அலைச்சல் வேற யாருக்கும் வேணாம்னுதான் இதை எழுதுறேன், செட்டுல படிச்ச பையனோ பொண்ணோ ஒருத்தர் இருந்தா போதும், எல்லாருக்கும் செஞ்சு குடுத்துடலாம்.

முதல்ல பண்ண வேண்டியது நல வாரிய பதிவு. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007ல ஆரம்பிச்சது, கலை பண்பாட்டுத் துறைக்கு கீழ வருது. 18 வயசு முடிஞ்சு 60க்குள்ள இருக்கவங்க சேரலாம். சேந்தா பிள்ளைங்க படிப்பு, கல்யாணம், பிரசவம், மூக்குக்கண்ணாடி இதுக்கெல்லாம் உதவி உண்டு, கலைஞர் இறந்துட்டா குடும்பத்துக்கும் பணம் உண்டு. சென்னைக்கு போகத் தேவையில்ல, துறையோட மண்டல அலுவலகங்க மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சி, சேலம், கோயம்புத்தூர், காஞ்சிபுரத்துல இருக்கு, உங்க மாவட்டம் எதுல வருதுன்னு கேட்டுட்டு அங்க போங்க. செட்டுல ஒருத்தர் மட்டும் பதிஞ்சா பத்தாது. பம்பைக்காரர், ஒத்து ஊதுறவர், கரகம் ஆடுற அக்கா எல்லாருக்கும் தனித்தனியா வாரிய அட்டை வேணும், நிறைய செட்டுல வாத்தியார் மட்டும் பதிஞ்சுட்டு மத்தவங்களை விட்டுடுறாங்க, அப்புறம் ஏதாவது ஒண்ணு நடந்தா அந்த குடும்பத்துக்கு ஒண்ணுமே கிடைக்கிறதில்ல. அட்டையில புதுப்பிக்கிற தேதி போட்டிருந்தா இன்னைக்கே போன்ல அலாரம் வச்சுக்கோங்க.

இப்ப பேர் விஷயம், இதுலதான் பாதி மனு திரும்பி வருது. மேடையில ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பேங்க் பாஸ்புக்குல இன்னொரு இனிஷியல். பணம் நேரா அக்கவுண்டுக்கு வரும்போது பேர் ஒத்துப் போகலைன்னா நின்னுடும். மனு எழுதுறதுக்கு முன்னாடியே ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க, எது தப்போ அதை முதல்ல திருத்துங்க. இனிமே நோட்டீஸ் அடிக்கிறப்ப பட்டப்பேரோட ஆதார்ல இருக்க பேரையும் சேத்து போடச் சொல்லுங்க, விழாக் கமிட்டிக்கு இது ஒரு வரி, உங்களுக்கு அது சான்று.

அடுத்தது சான்று சேக்குறது. ஒரு ஃபைல் வாங்கி வருஷ வாரியா வைங்க. திருவிழா நோட்டீஸ், பத்திரிகையில வந்த துணுக்கு, பள்ளிக்கூட விழாவுல குடுத்த சர்டிபிகேட், போட்டோ, கமிட்டிகிட்ட எழுதி வாங்குன கடிதம். கடிதம்னா பெருசா ஒண்ணுமில்ல, இந்த தேதியில இந்த கோயில் திருவிழாவுல இன்னார் வந்து இந்த கருவி வாசிச்சாங்கன்னு நாலு வரி எழுதி சீல் வச்சு குடுத்தா போதும். சம்பளம் வாங்குற அன்னைக்கே கேளுங்க, ஆறு மாசம் கழிச்சு போனா கமிட்டியே மாறியிருக்கும். வருஷத்துல ஒண்ணு ரெண்டு ப்ரோக்ராமுக்காவது பணத்தை அக்கவுண்ட்ல வாங்குங்க, பாஸ்புக்ல ஏறுன வரியும் உங்களுக்கு சான்றுதான்.

மைக் பர்மிஷன் பேப்பரையும் தூக்கிப் போடாதீங்க. ஒலி மாசு விதிகள் 2000படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வமா அனுமதி வாங்கணும், ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் கூடாது, விழாக் காலத்துக்கு வருஷத்துல 15 நாளுக்கு மேல போகாம ராத்திரி 12 வரைக்கும் அரசு தளர்வு குடுக்கலாம். விடிய விடிய ஆடுன கலைக்கு இது கஷ்டம்தான், எனக்கும் வருத்தம் இருக்கு, ஆனா பாதியில நிறுத்தச் சொல்றதை விட சாயங்காலம் 6 மணிக்கே மேளம் கட்டி முக்கியமான ஆட்டத்தை 9க்குள்ள வச்சுக்கிறது மரியாதையா இருக்கும். ஸ்டேஷன்ல மனுவை கமிட்டி பேருல குடுத்தாலும் அதுல உங்க செட்டு பேரும் ஆட்டத்தோட பேரும் வரணும். குறவன் குறத்தி ஆட்டத்துக்கு 2023ல அரசாணை போட்டு தடை பண்ணிட்டாங்க, அந்த பேரு நோட்டீஸ்ல இருக்கக் கூடாது. அனுமதி வந்ததும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல போடுங்க, போலீஸ் ரெக்கார்டை விட நல்ல சான்று வேற கிடையாது.

வயசானவங்களுக்கு தனி வழி இருக்கு. நலிந்த நிலையில இருக்க கலைஞர்களுக்கு கலைஞர்களுக்கான அரசு அமைப்பான இயல் இசை நாடக மன்றம் மூலமா மாசம் 3,000 ரூபாய் குடுக்குறாங்க, 58 வயசு ஆகியிருக்கணும். அதே மன்றம் இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க 10,000 ரூபாய் உதவியும் குடுக்குது, அறிவிப்பு வர்றப்ப மட்டும்தான் விண்ணப்பம் வாங்குவாங்க, அதனால சான்று ஃபைல் முன்னாடியே ரெடியா இருக்கணும். மாவட்டக் கலை மன்ற விருதையும் விட்டுடாதீங்க: 18 வயசு வரைக்கும் கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச்சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதுக்கு மேல கலை முதுமணி. பணம் கம்மிதான், ஆனா அந்த சர்டிபிகேட் ஒண்ணு கையில இருந்தா அடுத்து எந்த மனுவுக்கும் சான்று தேடி அலைய வேணாம்.

மேடை பத்தியும் சொல்லணும். நிறைய ஊர்ல நாடக மேடை, கலையரங்கம் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில கட்டுனதுதான், ஒரு தொகுதிக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் அந்த நிதி. கிராம சபையில தீர்மானம் போட்டு அதோட காப்பியை வச்சு எம்எல்ஏகிட்ட கேட்டா வெயிட் ஜாஸ்தி. கிராம சபை வருஷத்துல ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேடை கேக்குறப்ப வெறும் சிமெண்ட் தளம் மட்டும் கேக்காதீங்க, பொம்பளைங்க உடை மாத்த கதவு வச்ச ரூம், கக்கூஸ், தண்ணி, லைட் சவுண்ட் மாட்ட ப்ளக் பாயிண்ட் எல்லாத்தையும் தீர்மானத்துல எழுதச் சொல்லுங்க. கரகம் ஆடுற அக்காங்க சேலையை மறைப்பா கட்டி வேன் பின்னாடி உடை மாத்துறதை நான் எத்தனையோ ஊர்ல பாத்திருக்கேன், மனசு கேக்கவே மாட்டேங்குது.

அதே கிராம சபையில நெட் பத்தியும் கேளுங்க. ஊராட்சிகளுக்கு நெட் கொண்டு வர்ற மத்திய அரசு திட்டமான பாரத்நெட்டோட ரெண்டாம் கட்டத்துல தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் பைபர் கேபிள் கொண்டு போற வேலை டான்ஃபிநெட்ங்கிற தமிழ்நாடு அரசு நிறுவனத்துகிட்ட இருக்கு. உங்க ஊராட்சிக்கு கேபிள் வந்துச்சா, நெட் பெட்டியில லைட் எரியுதா, வீட்டுக்கு கனெக்‌ஷன் யார் குடுக்குறாங்கன்னு ஊராட்சி செயலர்கிட்ட கேளுங்க, லைன் செத்துக் கிடந்தா அதையும் தீர்மானமா போடுங்க. விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனுக்கு போயிட்டு இருக்கு, நெட் இல்லாத ஊர்ல இருக்க கலைஞருக்கு அறிவிப்பு வந்ததே தெரியாது. தெரியுறப்ப கடைசி தேதி முடிஞ்சிருக்கும்.

நெட் இருந்தா சான்றை நீங்களே உண்டாக்கலாம். ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போனை படுக்கவாக்குல புடிச்சு ஊர் பேரு, தேதி, செட்டுல இருக்க எல்லார் பேரையும் ஒருத்தர் சொல்லட்டும், அப்புறம் பத்து நிமிஷம் ஆட்டத்தை எடுத்து யூடியூப்ல போடுங்க, ஏத்துன தேதி அதுலயே நிக்கும். லைவ் போடணும்னா சேனல்ல முதல் தடவை அனுமதி வர 24 மணி நேரம் ஆகலாம், போன்லயிருந்து லைவ்னா 50 சப்ஸ்க்ரைபர் வேணும், அதனால திருவிழா அன்னைக்கு காலையில ஆரம்பிக்காம ஒரு வாரம் முன்னாடியே பண்ணி வைங்க. டவுன்லோட் ஸ்பீட நம்பாதீங்க, பாக்க வேண்டியது அப்லோட் ஸ்பீடு, 4 எம்பிபிஎஸ் நிலையா வந்தா ஓரளவு தெளிவா போகும். சினிமா பாட்டு வாசிச்ச பகுதி காப்பிரைட்ல மாட்டும், அதை வெட்டிட்டு நம்ம மேளத்தை மட்டும் போடுங்க.

மனு குடுத்தா ஒப்புகை ரசீது வாங்காம வெளிய வராதீங்க. ரெண்டு மாசத்துல பதில் இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல ரசீது நம்பரோட மனு குடுங்க, இல்ல முதல்வர் உதவி மைய நம்பர் 1100க்கு போன் போடுங்க. அதுக்கும் அசையலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி என் மனு எந்த மேசையில என்ன நிலையில இருக்குன்னு கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லியே ஆகணும். எங்க மாமா மனுவுக்கு அப்படிக் கேட்டப்பதான் இனிஷியல் ஒத்துப்போகலைன்னு பதில் வந்துச்சு, திருத்திக் குடுத்தோம், அடுத்த சித்திரைக்குள்ள முதல் பணம் ஏறிடுச்சு.